நெடுஞ்சாலையும் புறநகரும்

சித்தூருக்கும் வேலூருக்கும் இடையில், ஆந்திரப் பிரதேசத்தின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குடிபாலா. 2022 மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட, சுமார் 260 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை இப்பகுதியில்தான் தமிழ்நாட்டிற்குள் புகுகிறது. சாலை வந்தால் அதன் இருமருங்கிலும் வீடுகள் பெருகும் என எதிர்பார்ப்பது இயல்பே. அவ்வெதிர்பார்ப்பு எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய, மோட்டார் வண்டியை நம்பிப் புறநகர்கள் எழுந்த அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தை நோக்குதல் தகும்.

இரண்டாம் உலகப் போரின்போது அந்நாட்டில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி 1942 முதல் நிறுத்தப்பட்டிருந்தது. 1945-ல் சுமார் 2 கோடியே 60 லட்சமாக இருந்த கார்களின் தொகை 1955-ல் 5 கோடியைத் தாண்டியது. ஆயினும் கார் மட்டுமே புறநகரைத் தோற்றுவித்துவிடவில்லை. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் வீடு வாங்கும் கடனுக்கு அரசாங்கம் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உத்தரவாதம் அளித்தது. நியூயார்க்கிற்கு அப்பால் உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் 1947-ல் தொடங்கப்பெற்ற லெவிட்டவுன் என்னும் குடியிருப்பில், நான்கே ஆண்டுகளில் 17,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொழிற்சாலையில் பொருள் நகரும், தொழிலாளி நிற்பார்; இங்கோ வீடு நின்றது, ஒவ்வொரு வேலைக்கும் உரிய குழு வீட்டுக்கு வீடு நகர்ந்தது. கறுப்பின மக்களுக்கு மட்டும் அங்கே இடம் மறுக்கப்பட்டது என்பதையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது.

பின்னர் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழி செய்தது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசாங்கம் ஏற்றது. பெட்ரோல் மீதான வரியே அதற்குப் பெரிதும் உதவிற்று. வீடு, கடை, பள்ளி, அலுவலகம் யாவும் ஒன்றுக்கொன்று தொலைவாயின. டிராம் வண்டிகள் பல நகரங்களில் மறைந்தன. கார் இல்லாதவர் அன்றாடக் காரியங்களுக்கே இடர்ப்பட்டனர்.

சித்தூர் வட்டாரத்திற்குச் சாலை இடம் மாறுவது புதிதன்று. சென்னை–பெங்களூரு போக்குவரத்து நெடுங்காலம் ராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர் வழியாகவே நடைபெற்றது. தங்க நாற்கரத் திட்டத்தில் வேலூர், கிருஷ்ணகிரி வழி தேர்ந்தெடுக்கப்பட்டதும் தொலைதூர வண்டிகளில் பெரும்பகுதி அங்கே திரும்பியது.

பழைய சாலைக்கும் விரைவுச் சாலைக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. பழைய சாலையில் எவ்விடத்திலும் வண்டி நிற்கலாம். தேநீர்க் கடை வைத்தவருக்கும் பிழைப்புண்டு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்திற்கென வகுக்கப்பட்ட விரைவுச் சாலையிலோ குறிப்பிட்ட வாயில்களில் மட்டுமே ஏறி இறங்க முடியும். இத்தகைய சாலைகளில் இருசக்கர வண்டிகளும் டிராக்டர்களும் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. எனவே மனையின் மதிப்பை நிர்ணயிப்பது சாலையின் அண்மையன்று, வாயிலின் அண்மையே. வாயிலுக்குப் பத்துக் கிலோமீட்டர் அப்பால் உள்ள சிற்றூருக்கு அச்சாலை உயர்ந்ததொரு கரையாகவே நிற்கும். அவ்வூர்க் குடியானவர் மறுபுறமுள்ள தம் வயலுக்கும், மாணவர் பள்ளிக்கும் செல்வதற்குச் சாலையின் அடியில் அமையும் சுரங்கப் பாதையையே நம்ப வேண்டும். அது எங்கே அமைகிறது, மழைநீர் தேங்குமா, மாட்டு வண்டி நுழையுமா என்பவை கிராம சபையில் முன்னரே கேட்கத்தக்க கேள்விகள்.