லண்டன் – பாரிஸ்: டிக்கெட்டில் உள்ள நேரத்தைச் சரியாகப் படிப்பது எப்படி?

லண்டனில் உள்ள உறவினரைப் பார்க்கப் போவோர், அப்படியே பாரிஸையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டமிடுவது உண்டு. இரு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 344 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் காரில் போகும் தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

முதல் குழப்பம் டிக்கெட்டிலேயே தொடங்குகிறது. ஹீத்ரோவில் காலை 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் 12.20க்குப் பாரிஸின் சார்ல் டி கோல் விமான நிலையத்தைச் சேரும் என்று இருந்தால், பயண நேரம் 2 மணி 20 நிமிடம் அல்ல; 1 மணி 20 நிமிடம்தான். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. திரும்பும்போது 10.00க்குக் கிளம்பி 10.20க்கு இறங்குவதாகக் காட்டும். இருபதே நிமிடமா என்று மலைக்க வேண்டாம்.

அந்த 1 மணி 20 நிமிடத்திலும் வானில் பறப்பது முக்கால் மணி நேரம் போலத்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் அதில் அடங்கும்.

உண்மையில் நேரத்தை விழுங்குவது தரையில்தான். ஹீத்ரோவும் சார்ல் டி கோலும் அந்தந்த நகர மையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. விமான நிலையம் போக ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் முன்பே அங்கிருப்பது, இறங்கியதும் குடிநுழைவு, பெட்டி, மறுபடி நகருக்குள் பயணம் என்று கூட்டினால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். மலிவு டிக்கெட் என்றால் இன்னும் கவனம் தேவை: பாரிஸ் பெயரைத் தாங்கிய பொவே விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

1994இல் திறக்கப்பட்ட, 50 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்ச் சுரங்கம் வழியாகச் செல்லும் யூரோஸ்டார் ரயில் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்குக் கொண்டு சேர்க்கிறது. பிரெஞ்சுக் குடிநுழைவுச் சோதனையும் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே முடிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் போனாலும் மொத்தம் நான்கு மணி நேரத்துக்குள் அடங்கும். இறங்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதி நடக்கும் தூரம்.

பாரிஸிலிருந்து லண்டன் வந்து அன்றே கோலாலம்பூர் விமானம் ஏற நினைப்போர்தான் யோசிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. குடும்பத்தோடு போய்ப் புது டிக்கெட் எடுப்பது ஆயிரக்கணக்கான ரிங்கிட். முதல் நாளே லண்டன் திரும்பிவிடுவது நல்லது.

மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளோர் பிரான்சுக்குக் குறுகிய காலச் சுற்றுலா செல்ல விசா தேவையில்லை. பிரிட்டனுக்கு 2025 முதல் மின்னியல் பயண அனுமதி கட்டாயம். உடன் வருபவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால், பிரிட்டிஷ் விசாவைக் காட்டிப் பாரிஸ் போக முடியாது; செங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும்.