மின்சாரம் கேட்காத விளக்கு

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலை அடிவாரத்தைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. மேலே போய்ச் சேர்வதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். இருட்டி, பனிமூட்டமும் சூழ்ந்த வேளையில், ஒரு வளைவில் மோட்டார் சைக்கிள் ஒன்று பழுதாகி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பாட்டரி தீர்ந்துவிட்டது, பின்விளக்கு எரியவில்லை. கீழேயிருந்து லாரி ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. தடையைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதற்குள் லாரி 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே, நிற்கும் வண்டி தொலைவிலேயே அவர் கண்ணில் பட்டாக வேண்டும்.

அதற்கு உதவுவது வண்டியின் பின்புறம் பதித்திருக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு. ரிப்ளெக்டர் என்று நாம் சொல்வது அதைத்தான். அதற்கு மின்சாரம் வேண்டாம். லாரியின் ஒளியை வாங்கி லாரிக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

முகம் பார்க்கும் கண்ணாடி இதைச் செய்யாது. சாய்வாக விழும் ஒளியை அது வேறு பக்கம் தள்ளிவிடும். ரிப்ளெக்டரின் முன்புறம் வழவழப்பானது; பின்புறம் முழுவதும் நுண்ணிய மூலைகள். உங்கள் அறையின் மூலையைப் பாருங்கள். இரண்டு சுவர்களும் தரையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கின்றன அல்லவா? அதே வடிவந்தான். மூன்று முகங்களிலும் மோதிய கதிர், எந்தத் திசையிலிருந்து வந்ததோ அத்திசைக்கே மீளும். 1969-இல் அப்பொல்லோ 11 வீரர்கள் சந்திரனில் வைத்துவிட்டு வந்த கருவியிலும் இத்தகைய மூலைகள் 100 உள்ளன. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்புகிறது.

மோட்டார் சைக்கிள் ரிப்ளெக்டரின் மூலைகளில் ரசம் பூச வேண்டியதில்லை. எல்லாம் முழு அகப் பிரதிபலிப்பின் வேலை. அக்ரிலிக் பிளாஸ்டிக்கிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 42 பாகை. நேராக நுழையும் கதிர், மூலையின் முகத்தில் ஏறத்தாழ 55 பாகைப் படுகோணத்தில் விழுகிறது. ஆதலால் முழுவதும் திரும்புகிறது. இப்போது விரிசல் வழியே மழைநீர் பின்புறம் புகுந்துவிட்டதென்று கொள்வோம். பிளாஸ்டிக்கிலிருந்து நீருக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 63 பாகை. 55 அதைவிடக் குறைவு! ஒளியின் பெரும்பகுதி நீருக்குள் தப்பிவிடும். வார்ப்பில் மூலைகளின் செங்கோணம் சற்றுப் பிசகினாலும் ஒளி இலக்குத் தவறும். பகலில் பார்த்தால் அதே அழகான சிவப்புத்தான்.

வண்டி ஓட்டுகிறவர் தம் வண்டியின் முதுகைப் பார்ப்பதேயில்லை. ஆகவே இத்தகைய குறைகளைக் கண்டால் தயாரிப்பாளரே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்பீல்டு நிறுவனம் 2024-இல் இதைச் செய்தது. 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை தயாரான வண்டிகள் சிலவற்றில், பின்புற, பக்கவாட்டு ரிப்ளெக்டர்களின் பிரதிபலிப்புத் திறன் போதாமல் இருக்கலாம் என்று அறிவித்து, மாற்றித்தர முன்வந்தது. ஒரு வண்டிக்குக் கால் மணி நேர வேலைகூட இல்லை.

ஜப்பானின் சுபாரு நிறுவனம் 2019-இல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்த காரணம் இன்னும் விந்தையானது. அழகுப் பொருள்கள் போன்றவற்றிலிருந்து எழும் சிலிக்கோன் ஆவி, பிரேக் விளக்கின் சுவிட்சைக் கெடுத்துவந்தது. சுவிட்சில் எழும் தீப்பொறியில் அந்த ஆவி சிதைந்தால் உண்டாவது சிலிக்கா. மணலும் அதே பொருள்தான்! அது மின்சாரத்தைக் கடத்தாது. பிரேக்கை மிதித்தாலும் விளக்கு எரியாது.

நம் நாட்டில் 2012 முதல் இது நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட நெறியாக இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் முதல், போதிய புகார்கள் சேர்ந்தால் அரசே திரும்ப அழைக்க ஆணையிடலாம். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இது பொருந்தும்.

உங்கள் வீட்டு வண்டி பழையதா? இன்றிரவு அதற்குப் பத்தடி பின்னால் நின்று, டார்ச்சைக் கண்ணருகே பிடித்து ரிப்ளெக்டரின்மேல் அடியுங்கள். பிறகு டார்ச்சை இடுப்பளவுக்கு இறக்கி, மறுபடி அதே இடத்தில் ஒளி விழச் செய்யுங்கள். நல்ல ரிப்ளெக்டரானால் முதல் முறை பளிச்சிடும். இரண்டாம் முறை மங்கிவிடும். இரு முறையும் மங்கலாகவே தெரிந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் மங்கினால் மாற்றச் சொல்லுங்கள்.