நடுவழித் தளர்வு

நடுவழித் தளர்வு என்பது, ஓர் இலக்கை ஆர்வத்துடன் தொடங்கியவர் பாதி வழியில் வேகம் குறைந்து, அதைத் தள்ளிப்போடும் அல்லது கைவிடும் நிலையைக் குறிக்கும். போட்டித் தேர்வுக்குப் படித்தல், உடற்பயிற்சி, புதிய மொழி கற்றல், கடன் அடைத்தல் எனக் காலம் நீளும் எல்லா முயற்சிகளிலும் இது காணப்படுகிறது. தொடக்க ஆர்வம் குறைவது இயல்பானது. அது சோம்பலுக்கோ தகுதியின்மைக்கோ சான்று அன்று.

டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 4 தேர்வுக்குப் படிப்போர் பலர் ஆறாம் வகுப்புப் பள்ளிப் பாடநூலிலிருந்து தொடங்குவர். சில மாதங்களில் ஆறாம் வகுப்பு நூல் முழுக்க அடிக்கோடிட்டுக் கசங்கியிருக்கும். ஒன்பதாம் வகுப்பு நூலோ வாங்கியபடியே இருக்கும். இடையில் மாறியது படிப்பவரின் அறிவுத்திறன் அன்று. வழியின் நடுப்பகுதிக்கு அவர் வந்து சேர்ந்திருக்கிறார்.

அடி அண்ணாமலை: ஒரு நடுவழி

இந்த நிலையைப் புரிந்துகொள்ளத் திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை நல்ல எடுத்துக்காட்டு. மலையைச் சுற்றிச் செல்லும் இப்பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. நடந்து முடிக்க நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஆகும். நகரமும் அருணாசலேசுவரர் கோயிலும் மலையின் கிழக்கில் உள்ளன. அடி அண்ணாமலை என்னும் ஊரும் அங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் மேற்கில் உள்ளன. ராஜகோபுரத்திலிருந்து புறப்படுவோர் இங்கு வந்து சேரும்போது ஏறத்தாழ பாதி வழி முடிந்திருக்கும். புறப்பட்ட கோபுரத்துக்கும் அவர்களுக்கும் இடையே மலை நிற்கும்.

இந்த இடத்தில் தளர்வு ஏன் கூடுகிறது என்பதை எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு கிலோமீட்டர் முடித்தவர் இன்னொரு கிலோமீட்டர் நடந்தால், நடந்த தூரம் இருமடங்காகிறது. 2 கிலோமீட்டர் மீதமிருக்கும்போது ஒன்றைக் கடந்தால், மீதி பாதியாகக் குறைகிறது. ஆனால் 7 கிலோமீட்டர் முடிந்து 7 மீதமிருக்கும் இடத்தில், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஒரு கிலோமீட்டர் ஏழில் ஒரு பங்குதான். உழைப்பு அதே அளவுதான். முன்னேற்றம் மட்டும் சிறிதாகத் தோன்றுகிறது.

ஆய்வுகள் கூறுவன

இலக்கை நெருங்க நெருங்க முயற்சியின் வேகம் கூடும் என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல் 1932-இல் முன்வைத்தார். ஆண்ட்ரியா பொனெட்சியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. மனிதர் முதலில் தொடக்கப் புள்ளியிலிருந்தும், பின்னர் முடிவுப் புள்ளியிலிருந்தும் தம் முன்னேற்றத்தை அளக்கின்றனர். நடுவில் இரண்டு புள்ளிகளும் தொலைவில் இருப்பதால் ஊக்கம் அங்கே மிகவும் தாழ்கிறது.

வட்டப் பாதையும் நேர்ப் பாதையும்

கிரிவலம் செல்பவருக்கு ஒரு வசதி உண்டு. பாதை வட்டமானது. பாதியைத் தாண்டிவிட்டால், வந்த வழியே திரும்புவதைவிட முன்னோக்கி நடப்பதே குறைந்த தூரம். படிப்புக்கும் உடற்பயிற்சிக்கும் இத்தகைய வட்டம் இல்லை. புத்தகத்தை மூடிவைக்க ஒரு நொடி போதும். அன்றைக்கு எந்த இழப்பும் தெரிவதில்லை. எனவே கிரிவலப் பாதை இயல்பாகத் தரும் துணைகளைத் தனி இலக்கு கொண்டவர் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

கடைப்பிடிக்கத்தக்க முறைகள்

வழியைப் பிரித்தல்: கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் உள்ளன. நடப்பவர் 14 கிலோமீட்டரை நினைப்பதில்லை. அடுத்த லிங்கத்தை நினைக்கிறார். அதுபோல ஓராண்டுப் படிப்பை இரண்டு வாரப் பகுதிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொடக்கமும் முடிவும் கிடைக்கின்றன. நீண்ட நடுப்பகுதி சுருங்குகிறது.

எண்ணும் முறையை மாற்றுதல்: மின்ஜங் கூ, அயலெட் ஃபிஷ்பாக் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முடிந்தது, மீதமுள்ளது ஆகிய இரண்டில் சிறிய அளவைக் கவனிப்பது ஊக்கம் தரும். 40 பாடங்களில் 8 முடித்தவர் ‘8 முடிந்தது’ என்றும், 32 முடித்தவர் ‘இன்னும் 8தான்’ என்றும் எண்ண வேண்டும். தொடக்கத்திலேயே ‘இன்னும் 32’ என்று எண்ணுபவர் எளிதில் சோர்கிறார்.

நாளும் நேரமும் குறித்தல்: கிரிவலத்துக்குப் பௌர்ணமி நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. போகலாமா வேண்டாமா என்று மாதந்தோறும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. ‘இந்த நேரம் வந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பயனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கினார். ‘தினமும் படிப்பேன்’ என்பதைவிட, ‘இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் ஒரு பாடம் படிப்பேன்’ என்பது நடைமுறைக்கு வரும் வாய்ப்பு மிகுதி.

துணை தேடுதல்: தனியே நடப்பவர் உட்கார்ந்துவிடும் இடத்தில், கூட நடப்பவர் இருந்தால் இன்னும் சிறிது தூரம் செல்ல முடிகிறது. வாரம் ஒருமுறை ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் இருவர் குழுகூடப் போதுமானது.

விடுபட்ட நாள்கள்

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இதன் மூலம், அமெரிக்க அறுவை மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் வெளியிட்ட நூலில் காணப்படும் ஒரு குறிப்பு. முக அறுவைக்குப் பின் நோயாளிகள் தம் புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக அவர் எழுதினார். அது பழக்கங்களை அளந்து கண்ட முடிவு அன்று.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி தலைமையில் 96 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படியும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை மாறுபடும் எனக் கணிக்கப்பட்டது. நடுத்தர அளவு 66 நாள். ஒருநாள் விடுபடுவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே 22-ஆம் நாளில் இன்னும் சிரமமாக இருப்பவர் தோற்றவர் அல்லர். ஒருநாள் தவறியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நடுவதும் காப்பதும்

இதே மலையில் இன்னொரு நீண்ட முயற்சி நடந்துவருகிறது. மரங்கள் குறைந்து புல் படர்ந்திருந்த சரிவுகளில், 1980-களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர்கள் மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். நடுவது மழைக்காலத்தில் நடக்கும் வேலை. கன்று பிழைப்பதோ அடுத்த கோடையில்தான் தெரியும். காய்ந்த புல்லில் தீ பரவினால் பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் போய்விடும். ஆகவே புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பதும், தீப்பற்றினால் ஏறிச் சென்று அணைப்பதும் ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டிய வேலைகள். இலக்கைத் தொடங்கும் நாள் நடும் நாளைப் போன்றது. அதற்கு அடுத்த கோடைக்கான ஏற்பாட்டையும் தொடங்கும்போதே திட்டமிட வேண்டும்.

கைவிடத் தக்க இலக்கு

எல்லா இலக்குகளையும் முடித்தே தீர வேண்டும் என்பதில்லை. உடல்நலம், குடும்பச் சூழல், விருப்பம் ஆகியவை மாறும்போது சில இலக்குகளை விடுவதே சரி. ஆனால் அந்த முடிவைக் களைத்துப்போன இரவில் எடுக்கக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் பகுதியை முடித்து, ஓய்வெடுத்து, ‘இந்த இலக்கு இன்னும் தேவையா, அல்லது இன்று களைப்பாக மட்டும் இருக்கிறதா?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். களைப்பு மட்டுமே என்றால், அடுத்த பகுதியின் முதல் நாளைக் குறித்துக்கொண்டு தொடரலாம்.