தாலாட்டு யாருக்கு?

தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதனால் தாலாட்டு என்றாயிற்று என்பர். பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். பிள்ளைத்தமிழிலே தாலப்பருவம் என்றொரு பருவமே உண்டு. எமது ஊர்களிலோ எழுத்தறியாத பாட்டிமாரும் தாமே சொற்கட்டிப் பாடினர்.

இசை மனநோவைத் தணிக்கும் என்போர் இராகங்களையே எடுத்துரைப்பர். நீலாம்பரி உறக்கந்தரும் என்பது மரபு. இராகம் அறியாத வீட்டிலும் இசை தன் பணியைச் செய்கின்றது. 2015 இல் வெளியான மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத துருக்கி மொழியிற் பாட்டையும் பேச்சையும் கேட்பித்தனர். பேச்சைக் கேட்டதிலும் ஏறத்தாழ இருமடங்கு நேரம் பாட்டைக் கேட்டு அமைதியாயிருந்தனர். பொருள் விளங்காமலே சேய் தேறுகின்றது!

அவ்வாறாயின் பாட்டின் பொருள் யாருக்கு? பாடுகின்ற தாய்க்கே என்போம். மாமன், அத்தை, பாட்டன் என உறவினரை ஒவ்வொருவராக அழைத்து, பிறரிடம் சொல்லவியலாத தன் மனக்குறையையும் இடையிடையே சொல்லி ஆறுகின்றாள்.

2009 இல் வன்னியிலே, பதுங்குகுழிக்குள் ஒரு தாய் பாடக் கேட்டோம். குழந்தை எப்போதோ உறங்கிவிட்டது. அவள் நிறுத்தவில்லை; நிறுத்தும்படி நாம் எவரும் சொல்லவுமில்லை.

மாணவச் செல்வங்களே, வீட்டில் அம்மம்மாவைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். சென்ற ஆண்டு எமது வகுப்பு மாணவி ஒருத்தி அவ்வாறு ஒலிப்பதிவு செய்து வந்தாள். மாமன்மாரின் பெயர்களைப் பாடிவந்த அம்மம்மா, மூன்றாவது பெயரில் நிறுத்தி, சற்றுப் பொறுத்து, அதே பெயரை மீண்டும் பாடுவது அதிற் பதிவாகியிருந்தது.