இருட்டைப் படம் பிடிக்கும் கலை

இருட்டைப் படம் பிடிக்கலாம் என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். வெளிச்சமில்லாமல் போட்டோ ஏது என்று கேட்பார்கள். ஆயினும் ஆகாயத்தில் இருட்டையே தேடிப் பிடித்துப் படமாக்கும் கலை ஒன்று உண்டு. அதற்கு ஏற்ற இடமும் நம் தமிழ் நாட்டிலேயே, செங்கத்துக்கு வடக்கே படர்ந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் இருக்கிறது.

சித்திரை மாதத்து அமாவாசையன்று பின்னிரவில் மலைமேல் நின்று தெற்கே நோக்கினால், விருச்சிகத்தையும் தனுசையும் தழுவி ஆகாச கங்கை வெண்மேகம்போல் ஓடுவதைக் காணலாம். அந்த வெள்ளத்தினிடையே அங்கங்கே கறுப்புத் திட்டுகள் தெரியும். அதே நாள் முன்னிரவில், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே, திரிசங்கு நக்ஷத்திரங்களை ஒட்டி இன்னொரு கருந்திட்டு நிற்கும். மேல்நாட்டார் அதற்குக் 'கரிமூட்டை' என்று பெயரிட்டார்கள். பெயரிட்டவர்கள் தங்கள் ஊரிலிருந்து அதைப் பார்க்க முடியாது; நாமோ வீட்டுக்கருகிலேயே பார்க்கலாம்!

இவை ஆகாயத்தில் உள்ள ஓட்டைகள் என்றே பலர் வெகுகாலம் எண்ணினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் எமர்ஸன் பார்னார்ட். அமெரிக்காவில் 1857-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், ஒன்பது வயதிலேயே ஒரு போட்டோக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். சூரியன் நகர நகர, படம் பெரிதாக்கும் யந்திரத்தை அதற்கு நேராகத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் சிறுவனின் வேலை. பிற்காலத்தில் அந்தப் பொறுமையே நக்ஷத்திரங்களைத் தொடர்ந்து படம் பிடிக்க அவருக்குக் கைகொடுத்தது. 1919-ல் 182 கருந்திட்டுகளுக்கு ஜாபிதா வெளியிட்டார். அவை ஓட்டைகளல்ல, பின்னாலுள்ள நக்ஷத்திரங்களை மறைக்கும் தூசி மேகங்கள். புகைத் துகள்போல் நுண்ணிய தூசி, கடுங்குளிரில் உறைந்து மிதக்கிறது. இம்மேகங்களின் கருவிலேதான் புதிய நக்ஷத்திரங்கள் பிறக்கின்றன என்று 1947-ல் கருத்துரைத்தவர் பார்ட் போக்.

அந்தப் போக்கின் பெயருக்கு முன்னால் நம்மவர் பெயர் ஒன்று நிற்கிறது. 1949-ல் ஹார்வர்டில் மாணவராயிருந்த வைணு பாப்பு கண்டெடுத்த வால் நக்ஷத்திரத்துக்குப் 'பாப்பு-போக்-நியூகர்க்' என்று பெயர். தாய்நாடு திரும்பிய பாப்பு, ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் அங்கே 38 செண்டிமீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடி வேலை தொடங்கிற்று. நம் நாட்டாரே வகுத்துச் செய்த 2.34 மீட்டர் கண்ணாடி 1986-ல் அமைந்தது. அதைக் காண அவர் இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார்.

நம் போன்ற பள்ளி ஆசிரியர்களுக்கு அத்தனை பெரிய சாதனம் வேண்டியதில்லை. ஒரு காமிராவும், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அதைத் திருப்பும் பீடமும் போதும். பீடத்தின் அச்சைத் துருவ நக்ஷத்திரத்தின் பக்கம் நோக்கி நிறுத்தவேண்டும். செங்கத்தில் அது அடிவானத்துக்கு மேல் சுமார் 12 பாகையில்தான் நிற்கிறது. வடக்கே குன்று இருந்தால் மறைந்துவிடும். ஆகையால் வடக்கு வெளியான மேட்டைத் தேடவேண்டும். பிறகு இரண்டு மூன்று நிமிஷப் படங்களாக நூறு எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், கரிய தூசியின் விளிம்பில் மங்கிய பழுப்பு நிறமும் தென்படும்.

இங்கேதான் ஒரு விசேஷம். தாமே ஒளிரும் வாயு மேகங்களைச் சென்னை மாடியிலிருந்தும் தகுந்த வடிகட்டிக் கண்ணாடி கொண்டு ஓரளவு படம் பிடித்துவிடலாம். கரு மேகங்களுக்கு அந்த உபாயம் பலிக்காது. அவற்றுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. பின்னணியிலுள்ள நக்ஷத்திர ஒளியே அவற்றைக் காட்டவேண்டும். தெருவிளக்கின் ஒளி வானில் பரவினால் இரண்டும் ஒன்றாய்க் கலந்து அழிந்துவிடும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதற்கு மாற்று வாங்க முடியாது.

2022-ல் லடாக்கிலுள்ள ஹான்லே, இருண்ட வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தடுமாற வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் வெளிச்சம் தெருவில் விழும், வானம் தப்பிக்கும், மின்சாரமும் மிச்சம். பாப்பு தேடி வந்த இருட்டை நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல, ஒரு தகர மூடியின் செலவு அதிகமா என்ன?