முயலுக்கு மூன்று கால்



"தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்" என்பது நம்மவர் நாவில் அன்றாடம் புழங்கும் பழமொழி. கண்முன்னே நாலு கால் நிற்க, மூன்றுதான் என்று சாதிக்கும் பிடிவாதக்காரனைச் சுட்ட எழுந்தது அது. வகுப்பறையில் இதனை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். மாணவர் சிரிப்பர். சென்ற ஆண்டு ஒருநாள் ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் மேசையருகே வந்து நின்று கேட்டாள்:

"சேர், மெய்யாவே மூணு காலோட ஒரு முயல் சீவிக்குமா?"

வாவிக்கரையோரத்து வீடொன்றில் அவள் வளர்க்கும் முயல் அது. பிறந்ததிலிருந்தே அதன் பின்னங்கால் ஒன்று வெளிப்புறமாகச் சரிந்து கிடந்தது. ஊன்ற முடியாத அந்தக் காலைச் சீமெந்துத் தரையில் இழுத்து இழுத்தே இரண்டு வருடம் ஓடித் திரிந்தது. உரசிய இடம் புண்ணாயிற்று. புண் எலும்புவரை இறங்கிற்று. காலை இடுப்போடு எடுத்துவிடுவதே வழி, அதுவும் வசதியுள்ள தூரத்து நகரொன்றிற்குக் கொண்டுபோய்த்தான் செய்ய வேண்டும் என்று மிருக வைத்தியர் கூறிவிட்டார்.

வீட்டில் மூன்று பேர், மூன்று பேச்சு. தகப்பன், "ஒரு முயலுக்கு இவ்வளவு செலவா?" என்றார். அம்மம்மா, "வாயில்லாச் சீவனக் கொண்டுபோய் வெட்டப் போறீங்களா மனே?" என்று கண்கலங்கினார். மகளோ, என்ன விலை கொடுத்தும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நின்றாள். சிறிய விடயம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் இலக்கியம் காலங்காலமாகப் பேசிவரும் அருள் என்னும் சொல் அந்த வீட்டின் குசினியில் வந்து நின்று பொருள் கேட்டது போலத் தோன்றிற்று.

உயிரிரக்கம் என்றதும் நமக்கு நினைவு வருபவர்கள் சிபியும் பேகனும். புறாவின் உயிருக்கு ஈடாகச் சிபி தன் தசையை அரிந்து கொடுத்தான். நாம் அதைப் புகழ்கிறோம். ஆனால், முயலின் விடயத்தில் கத்தி யார் உடலில் படுகிறது? நம் உடலில் அன்று. இரக்கப்படுவது நாம், அந்த இரக்கத்தின் விலையைத் தசையாலும் வலியாலும் செலுத்துவது முயல். ஆகவே சிபியின் பெருமையை நாம் எளிதிற் சொந்தம் கொண்டாட முடியாது.

பேகனின் கதை இன்னும் நெருக்கமானது. அவன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். மயிலுக்குக் குளிருமா, போர்வையை அது உடுத்துமா என்று அவன் கேட்கவில்லை. இப்படி ஆராயாது கொடுக்கும் வள்ளன்மையைத் தமிழர் கொடைமடம் என்றனர். கொடையில் அந்த மடம் அழகு. போர்வையால் மயிலுக்கு நட்டமில்லை. சத்திரசிகிச்சையில் அந்த மடம் ஆகாது. அங்கே முதலிற் கேட்க வேண்டிய கேள்வியே, மயிலுக்குக் குளிருகிறதா என்பதுதான்.

நமது தீவிலேயே இதற்கு ஒரு பழங்கதை உண்டு. நான்காம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட புத்ததாச மன்னன் வைத்தியத்திலும் வல்லவன் என்று சூளவம்சம் கூறுகிறது. வயிற்றில் கட்டியோடு புற்றருகே கிடந்து வருந்திய ஒரு நாகத்தை அவன் கண்டான். உன்னைத் தொடாமல் வைத்தியம் செய்ய இயலாது. நீயோ சினம் மிக்கவன் என்றான். நாகம் தன் தலையைப் புற்றினுள்ளே நுழைத்து, உடலை வெளியே அசையாது கிடத்திற்று. மன்னன் வயிற்றைக் கீறி நோயை அகற்றி மருந்திட்டான் என்பது கதை. இதில் என்னைக் கவர்ந்தது மன்னனின் கைத்திறன் மட்டுமன்று. நாகம் தலையை உள்ளே விட்டுக்கொண்டதே, அதுதான். அது சம்மதம். நம் முயலுக்கு அப்படிச் சம்மதிக்கவும் தெரியாது, மறுக்கவும் தெரியாது. அதற்காக யாரோ ஒருவர் எண்ண வேண்டியிருக்கிறது.

எப்படி எண்ணுவது? வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வழி வகுத்திருக்கிறார். நோயாளியின் நிலை, நோயின் கடுமை, ஏற்ற காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே வைத்தியன் செயற்பட வேண்டும் என்பது அவர் கருத்து. இம்மூன்றையும் முயலுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, நோயாளி. யானை, முயல் இரண்டையும் ஒரே குறளில் வைத்து, முயலை எய்து வென்றதிலும் யானைக்குக் குறிவைத்துத் தவறியது இனிது என்றவர் வள்ளுவர். அது வீரத்தின் கணக்கு. காலிழப்பின் கணக்கோ நேர்மாறானது. கண்ணிவெடியில் முன்காற் பாதத்தை இழந்த சமா என்ற யானையைப் பின்னவலையில் பலரும் பார்த்திருப்பீர்கள். மலைபோன்ற உடலின் பாரம் மற்றைய மூன்று கால்களிலும் முதுகெலும்பிலும் ஏறி அதனை வருத்திற்று. தாய்லாந்தில் 1999இல் கண்ணிவெடியில் சிக்கிய மோத்தாலா என்ற யானைக்கு 2009இல் செயற்கைக் கால் பொருத்த நேர்ந்ததும் இதனாலேயே. முயலோ இரண்டு மூன்று கிலோ எடையே உள்ளது. பின்னங்கால் ஒன்றை இழந்த முயல்கள் பல, சில வாரங்களில் மூன்று காலில் ஓடப் பழகிக்கொள்கின்றன.

இதற்கொரு நிபந்தனை உண்டு. எஞ்சிய பின்னங்கால் திடமாக இருக்க வேண்டும். இடுப்பு மூட்டும் முதுகெலும்பும் பழுதின்றி இருக்க வேண்டும். முயலின் எலும்புக்கூடு மிக இலேசானது. உடல் எடையில் ஏறத்தாழ 8 வீதமே. பூனைக்கு அது 13 வீதமளவில் இருக்கும். பின்னந்தசைகளோ மிக வலியவை. பிடி தவறி உதைத்தாலே முதுகெலும்பு முறியக்கூடும். அவ்வாறு முதுகு முறிந்து இரண்டு பின்னங்கால்களும் செயலிழந்த முயலுக்கு, ஒரு காலை வெட்டுவதால் ஓட்டம் திரும்பாது. ஆகவே கத்தியைத் தொடுமுன் முதுகையும் இடுப்பையும் நெஞ்சையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இரண்டாவது, நோய். "புண்ணைக் கழுவி மருந்து போட்டால் ஆறாதா?" என்று அம்மம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முயலின் சீழ் நம்முடையதைப் போல் நீராக வடிந்துவிடுவதில்லை. பாலாடைக்கட்டி போல இறுகித் தங்கிவிடும். எலும்பினுள் புகுந்துவிட்டால் மருந்து அங்கே போய்ச் சேர்வது கடினம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலினைக் கரைத்துப் பருக்கவும் கூடாது. பெனிசிலின் இனத்து மருந்துகள் வாய்வழி சென்றால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, முயலையே கொன்றுவிடக்கூடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். முயலின் உருவத்தைத் திருத்துவதற்கு அன்று இந்தச் சத்திரசிகிச்சை. சரிந்த கால் பார்வைக்கு நன்றாயில்லை என்பது ஒரு காரணமாகாது. வலியின் ஊற்று அந்தக் காலில் இருக்கிறது, காலோடு அதுவும் போய்விடும் என்றால் மட்டுமே வெட்டுவதற்கு நியாயம் உண்டு.

வலி இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? மீன் பாடுவதைக் கேட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர் நம்முடையது. முயலோ பாடாது, வலித்தாலும் பெரும்பாலும் கத்தாது. வேட்டையாடப்படும் பிராணியாதலால் நோவை மறைப்பதே அதன் இயல்பு. ஆயினும் முகம் காட்டிக்கொடுக்கும். 2012இல் ஆய்வாளர்கள் முயலின் முகத்தில் ஐந்து குறிகளை வகுத்துத் தந்தார்கள். கண் இடுங்குதல், கன்னம் ஒட்டுதல், மூக்குத் துவாரத்தின் வடிவம் மாறுதல், மீசைமயிர் விறைத்தல், காது பின்னோக்கி மடிதல் ஆகியவை அவை. பல்லை நறநறவென்று கடித்தலும், கூனிக்குறுகி மூலையில் இருத்தலும், தீனை மறுத்தலும் வேறு அடையாளங்கள். இவற்றை நாள்தோறும் குறித்துவைத்தால் முயலின் வாக்குமூலம் ஓரளவு நம் கைக்கு வரும்.

மூன்றாவது, காலம். புண் நெஞ்சுவரை பரவி, முயல் உண்ண மறுத்து மெலிந்த பின்னர் செய்வது வேறு. உடலில் தென்பு இருக்கும்போதே செய்வது வேறு. பிரித்தானியாவில் 2002 முதல் 2004 வரை மயக்க மருந்து பற்றி ஒரு பேராய்வு நடந்தது. நாய்களில் 0.17 வீதமானவை மயக்கத்தையொட்டி இறந்தன. முயல்களில் அது 1.39 வீதம். நலமாயிருந்த முயல்களில் 0.73 வீதமாகவும், நோயுற்று நலிந்தவற்றில் 7 வீதத்துக்கு மேலாகவும் இருந்தது. ஒத்திப்போடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அதே ஆய்வில் இறந்த முயல்களுள் அரைவாசிக்கு மேற்பட்டவை கத்திக்குப் பின்னர், தெளியும் வேளையில்தான் இறந்தன.

வள்ளுவரின் அடுத்த குறள் இங்கே துணைக்கு வருகிறது. மருத்துவத்தை அவர் நான்காகப் பகுக்கிறார். நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து பராமரிப்பவனையும் நான்காவதாகச் சேர்க்கிறார். அந்த நான்காமவர் நாம்தான். சத்திரசிகிச்சையை மேசையில் முடிப்பவர் வைத்தியர். வீட்டில் முடிப்பவர் நாம்.

நமக்குள்ள வேலை என்னவென்று பாருங்கள். மனிதரைப் போல முயலை முதல்நாள் பட்டினி போடக்கூடாது. அதற்கு வாந்தி வராது. பட்டினி கிடந்தால் குடல் அசைவு நின்றுவிடும். தெளிந்த சில மணி நேரத்துள் அது தின்னத் தொடங்க வேண்டும். தின்னாவிட்டால் அரைத்த தீனை ஊசியற்ற சிரிஞ்சினால் கொஞ்சங் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். புழுக்கை விழுகிறதா என்று எண்ண வேண்டும். வலிமருந்தை வைத்தியர் சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். வழுக்கும் சீமெந்துத் தரையில் பாய் விரிக்க வேண்டும். கம்பிவலைத் தரை ஆகவே ஆகாது, எஞ்சிய பாதமும் புண்ணாகிவிடும். முயல் தனது மென்மையான மலத்தைத் தானே குனிந்து தின்னும் இயல்புடையது. அது அதற்கு உணவு. குனிய இயலாவிட்டால் அது பின்புறத்தில் ஒட்டும், ஈ மொய்க்கும், நம் வெக்கைக்குப் புழுவும் வைக்கும். ஒரு பின்னங்கால் போனால் அந்தப் பக்கத்துக் காதைச் சொறிந்து துப்புரவாக்க அதனால் முடியாது. அதையும் நாமே செய்ய வேண்டும். இவை ஒரு வாரத்து வேலையல்ல. வீட்டு முயல் எட்டுப் பத்து ஆண்டுகளும் வாழக்கூடியது.

ஆகவே தகப்பன் கேட்ட செலவுக் கேள்வியை இரக்கமற்றது என்று நான் சொல்லமாட்டேன். பணமும் நேரமும் பராமரிப்பின் பாகங்கள். வீட்டில் அரிசிக்கு இல்லாதபோது முயலுக்குக் கடன்பட வேண்டும் என்று எந்த அறநூலும் விதிக்கவில்லை. ஆனால் இயலாது என்றால் அதை நேரே சொல்லி, வைத்தியரிடம் வேறு வழி கேட்க வேண்டும். இயலாமையை மறைத்து, புண்ணோடு மூலையில் விட்டுவிட்டு, விதிப்படி நடக்கட்டும் என்பது அகிம்சையாகாது. வலியைத் தணிக்கவும் வழியில்லை, கத்தியாலும் பயனில்லை என்ற நிலையில் நோவின்றி உயிரை விடுவிக்கும் ஊசியைப் பற்றி வைத்தியர்கள் பேசுவர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கற்ற நமக்கு அது கசக்கும். கசந்தாலும் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டிய நேரம் உண்டு. எண்ணிய பின் எந்தப் பக்கம் நின்றாலும், நிற்பது முயலின் பொருட்டா, நம் மனச்சாந்தியின் பொருட்டா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இவற்றையெல்லாம் அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து பேசினோம். நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மாணவி ஒரு கொப்பியில் பத்து நாள் முயலின் முகத்தையும் தீனையும் குறித்தாள். தீன் குறையவில்லை, கண் மட்டும் நாளுக்கு நாள் இடுங்கிற்று. எக்ஸ்ரேயில் முதுகும் மற்றக் காலும் நன்றாயிருந்தன. அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்த தகப்பன், "அப்ப கொண்டு போவம்" என்றார். வெயிலுக்கு முயல் தாங்காது என்று இரவிலேயே புறப்பட்டார்கள்.

இப்போது எட்டு மாதமாகிறது. அண்மையில் அவ்வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் முழுவதும் பன்பாய் விரித்திருந்தது. முயல் மூன்று காலில் தத்தித் தத்தி வந்து என் செருப்பை முகர்ந்தது. வெட்ட வேண்டாம் என்று அழுத அம்மம்மா அதை மடியில் தூக்கி வைத்து, கால் இல்லாத பக்கத்துக் காதைப் பஞ்சினால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் அதுக்கு எட்டாது மனே" என்றார் என்னைப் பார்த்து.

பிடிவாதக்காரனின் முயலுக்கு மூன்று கால் என்று இனியும் வகுப்பில் விளக்குவேன். அந்த வீட்டில் மூவரும் தத்தம் பிடியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டதனால் மூன்று கால் பெற்ற முயல் ஒன்று உண்டென்பதையும் கூடவே சொல்வேன்.