ஃபூரியர் உருமாற்ற நிறமாலையியலில் மாதிரியெடுப்புப் பிழையும் இரைச்சல் குறைப்பும்

முன்னுரை

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், மூலக்கூறுகளை உறைந்த ஆர்கான் அல்லது நைட்ரஜனில் சுமார் 12 கெல்வின் வெப்பநிலையில் சிறைப்படுத்தி, ஃபூரியர் உருமாற்ற அகச்சிவப்பு நிறமாலைமானியால் ஆராயும் பணி நிகழ்ந்துள்ளது. அசெட்டிலீன்–பென்சீன் இணைவு போன்ற வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் அங்கு ஆராயப்பட்டன. இத்தகைய பிணைப்புகளுக்குச் சான்றாவன, வலிய கோடுகளின் அருகே தோன்றும் மெலிந்த கோடுகளே. மாதிரியெடுப்புப் பிழையும் அவ்விடத்தில் போலிக் கோடுகளைத் தோற்றுவிக்கக்கூடும். ஆகவே அதன் இயல்பை அறிதல் இன்றியமையாதது.

பிழையின் தோற்றம்

நகரும் ஆடியின் இருப்பிடத்தை 632.8 நானோமீட்டர் ஹீலியம்–நியான் லேசர் காட்டுகிறது. லேசர் குறிகை சுழியைக் கடக்கும் கணங்களில் அகச்சிவப்புக் குறிகை அளக்கப்படுகிறது. அக்கணத்தில் நேரும் இருப்பிடப் பிழை, குறுக்கீட்டு வரைவின் சரிவால் பெருக்கப்பட்டு இரைச்சலாகிறது. எனவே மைய முகட்டை ஒட்டியே பாதிப்பு மிகுதி. ஒளிமூலத்தின் செறிவைக் கூட்டினால் இவ்விரைச்சலும் உடன் கூடும்.

பிழை சீரலைவாக அமைந்தால் ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் போலிக் கோடு தோன்றும். ஒளிப்பாதை வேறுபாட்டில் 1 நானோமீட்டர் வீச்சுடைய பிழைக்கு அதன் சார்பு வீச்சு 4000 செ.மீ⁻¹இல் ஏறத்தாழ 0.13 விழுக்காடு, 400 செ.மீ⁻¹இல் அதில் பத்தில் ஒரு பங்கு. லேசர், அகச்சிவப்பு வழித்தடங்களின் காலத்தாழ்வுகள் 10 மைக்ரோவினாடி வேறுபட்டிருக்க, ஒளிப்பாதை வேகம் வினாடிக்கு 1 செ.மீ. என்பதிலிருந்து 1 விழுக்காடு பிறழ்ந்தாலே இந்த 1 நானோமீட்டர் பிழை நேர்ந்துவிடும்.

குறைக்கும் வழிகள்

தற்செயற் பிழை சராசரியால் குறையும்: 64 வருடல்கள் இரைச்சலை எட்டில் ஒன்றாக்கும். ஆடியின் நகர்வோடு பிணைந்த சீர்ப்பிழையோ ஒவ்வொரு வருடலிலும் ஒரே கட்டத்தில் நிகழ்வதால் சராசரியால் மறையாது. அதனை மூலத்திலேயே களைய வேண்டும்.

முதற்கண், இரு வழித்தடங்களின் காலத்தாழ்வையும் சமப்படுத்த வேண்டும். அடுத்து, குளிர்விப்பு அமைப்பின் ஹீலியம் அமுக்கி முதலியவற்றின் அதிர்வு குறுக்கீட்டுமானியை எட்டாதவாறு தடுக்க வேண்டும். மூன்றாவதாக, ஜேம்ஸ் பிரால்ட் 1996இல் முன்வைத்த முறையில், இரு குறிகைகளையும் சம கால இடைவெளியில் பதிந்து, லேசர் காட்டும் இருப்பிடங்களுக்குரிய மதிப்புகளைக் கணிப்பொறியால் இடைக்கணிப்புச் செய்யலாம்.

முடிவுரை

ஐயத்திற்குரிய கோட்டைச் சோதிக்க ஆடியின் வேகத்தை மாற்றுதல் எளிய வழி. 50 ஹெர்ட்ஸ் அதிர்வின் போலிக் கோடு, வினாடிக்கு 1 செ.மீ. ஒளிப்பாதை வேகத்தில் மூலக்கோட்டிலிருந்து 50 செ.மீ⁻¹ தொலைவிலும், 2 செ.மீ. வேகத்தில் 25 செ.மீ⁻¹ தொலைவிலும் அமையும். மூலக்கூற்றின் கோடு இடம்பெயராது. எனினும் லேசர் குறிகையின் குறைபாட்டால் எழும் போலிக் கோடுகளும் இடம்பெயர்வதில்லை. ஆதலால் இச்சோதனையோடு லேசர் குறிகையின் சுழி அமைப்பையும் சரிபார்த்த பின்னரே மெலிந்த கோட்டைப் புதிய பிணைப்பிற்குச் சான்றாகக் கொள்ளுதல் தகும்.